செடிக்கு மட்டும் ஒரு ஷிப்ட்

டென்மார்க்கிலிருந்து இங்க்ரிட் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, வேல்விழி கேமராவில் தெரியாத இடத்தில், துணி சாம்பிள்களை மடியில் அடுக்கியபடி உட்கார்ந்திருந்தாள். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையர்களோடு வீடியோவில் பேசுவதை மோகன்ராஜ் பெருமாநல்லூரில் இருக்கும் தன் பனியன் கம்பெனியில் வைத்துக்கொள்வதில்லை. அங்கே மெஷின் சத்தம். வீட்டு ஹாலில்தான் பேசுவார். அவர் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் ஒரு புத்தக அலமாரி தெரியும். அதில் புத்தகங்களும் இருந்தன. கண்ணாடிக் கதவின் சாவிதான் தொலைந்துபோய் வருஷக்கணக்காகிவிட்டது. அலமாரிக்குப் பக்கத்தில் இரண்டடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி. உள்ளே ஏழெட்டு கப்பி மீன்கள், வாயைத் திறந்து திறந்து மூடும் ஒரு புதையல் பெட்டி, பச்சைப் பசேலென்று செடிகள்.

டீ-ஷர்ட்டின் கழுத்துப்பட்டியைப் பற்றிய பேச்சு அப்போதுதான் முடிந்திருந்தது. "உங்கள் தொட்டிச் செடிகள் அழகாக இருக்கின்றன. உயிருள்ளவைதானே?" என்று இங்க்ரிட் ஆங்கிலத்தில் கேட்டார். விடைபெறுமுன் மரியாதைக்குக் கேட்கிற கேள்வி.

"லைவ் மேடம். ஹண்ட்ரட் பர்சன்ட் லைவ்," என்றார் மோகன்ராஜ்.

செடிகள் பிளாஸ்டிக். அவர் மனைவி தமிழ்மதி அவ்வப்போது அவற்றைப் பிடுங்கி எடுத்து, பாத்திரம் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, மொட்டை மாடியில் காயப்போட்டு, மறுபடி நட்டுவைப்பாள்.

பையர் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் மோகன்ராஜ் கற்றுக்கொண்ட பாடம் அது. பிறகு வேறு பாடம் தேவைப்படவில்லை. அன்றைக்கும் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், தாங்கள் குன்னத்தூரில் விவசாயக் குடும்பம் என்றும், செடி வளர்ப்பது ரத்தத்திலேயே இருக்கிறது என்றும், தினமும் காலையில் இந்தச் செடிகளோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் வேலைக்குப் போவதாகவும் சொன்னார். குன்னத்தூரில் தோட்டம் இருந்தது உண்மை. குத்தகைக்கு எடுத்தவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்க்ரிட்டின் முகம் மலர்ந்தது. அவரும் வீட்டில் செடித் தொட்டி வைத்திருக்கிறாராம். பொங்கல் கழித்து, அடுத்த சீசன் ஆர்டரைப் பேச நேரில் வரும்போது வீட்டுக்கே வந்து தொட்டியைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மோகன்ராஜ் லேப்டாப்பை மூடினார்.

"வேல்விழி கண்ணு," என்றார்.

அவர் வாயில் 'கண்ணு' வந்தால் பின்னாலேயே ஒரு வேலை வரும் என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

"சொல்லுங்க சார்."

"இத நீ பாத்துக்கோ. அந்தம்மா வாரதுக்குள்ள உள்ளார உசுரோட செடி இருக்கோணும்."

"எனக்குச் செடியப் பத்தி ஒண்ணும் தெரியாது சார்."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்?" என்றார் மோகன்ராஜ், ரத்தத்தை மறந்து.

வேல்விழி அந்தக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையருக்கும் தையல் லைனுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கி, ஒரு பக்கத் திட்டை மறு பக்கத்துக்குப் பதமாக மொழிபெயர்த்துச் சொல்கிற உத்தியோகம். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கணவன் இசக்கிமுத்து அருள்புரத்தில் ஒரு யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். இருவருக்கும் ஒன்றரை ஷிப்ட். ஐந்தரைக்கு மணி அடிக்கும். ஒரு ஷிப்ட் முடிந்தது என்று சொல்கிற மணி அது. யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எட்டரைக்கு அடிக்கிற மணிதான் வீட்டுக்குப் போகிற மணி. முதல் மணி, டீ வருகிறது என்று சொல்வதற்கான மணியாக மாறி வெகுகாலம் ஆகிவிட்டது.

மகள் ஜோதிகா மூன்றாம் வகுப்பு. பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டுப் பழனியம்மாளிடம் போய்விடுவாள். அங்கேயே வீட்டுப்பாடம், டிவி, சாப்பாடு, பாதித் தூக்கம். வேல்விழி போய்த் தூக்கிவரும்போது தோளில் கிடந்தபடியே, கண்ணைத் திறக்காமல், "வந்துட்டீங்களா?" என்று கேட்பாள்.

"ஏட்டி, பெத்த தாய வாங்க போங்கன்னா சொல்லுவாக?"

"பழனியம்மா பாட்டி அப்படித்தானுங்க பேசச் சொல்லுச்சு. பெரியவிகளுக்கு மருவாதி குடுக்கோணுமாமுங்க."

மரியாதைதான், குறை சொல்ல முடியாது. ரேஷன் கடைக்காரருக்கும், தண்ணி லாரி டிரைவருக்கும், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கும் ஜோதிகா அதே மரியாதையைத்தான் கொடுத்துவந்தாள். இசக்கிமுத்துவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் போனா, நம்மள வீட்டுக்கு வந்த ஒறம்பரைன்னு நெனச்சு, ஒக்காருங்க தண்ணி கொண்டாரேன்னு சொல்லும் பாரு," என்றான். வேல்விழி சிரிக்கவில்லை. பெண் விழித்திருக்கும்போது வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதைக் கம்பெனியில் கேட்பதற்கு வழி இல்லை. ஐந்தரைக்கு எழுந்து போகிறவர்களுக்கு அங்கே 'சின்சியாரிட்டி இல்லை' என்று பெயர்.

வேலையை அவளிடம் ஒப்படைத்தும் பொறுக்காமல், செடிகளை வாங்க மோகன்ராஜ் தானே போனார். பெருமாநல்லூரில் முனீஸ் என்பவன் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்தான். விருதுநகர்க்காரன். நீளப் புல் மாதிரி ஒன்று, கெட்டி இலையாக ஒன்று, கிளை கிளையாக ஒன்று என்று அவன் எடுத்துக் கொடுத்தான். எப்படி வளர்ப்பது என்று சொல்லவும் ஆரம்பித்தான். "எனக்கேவா?" என்று கேட்டுவிட்டு மோகன்ராஜ் காரில் ஏறினார்.

வீட்டில் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு (மீன் தொட்டி இடுப்பு உயர மேஜையில் இருந்தது) செடிகளை நட்டார். தமிழ்மதி போட்டோ எடுத்தாள். 'மண்ணின் மைந்தன்' என்ற தலைப்போடு அது அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறியது.

"ஏனுங் மாமா, லைட்டு எவ்வளவு நேரம் எரியோணுமாம்?" என்று தமிழ்மதி கேட்டாள்.

"நம்ம கம்பெனி டைமிங்தான். ஒன்றரை ஷிப்ட். ஊரே ஓடறப்போ செடி மட்டும் என்ன, மாமியா ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளையா?"

ஒரு வாரத்தில் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகிக் கரைய ஆரம்பித்தன. மோகன்ராஜ் முனீஸுக்கு போன் போட்டு, சரக்கு ரிஜெக்‌ஷன் என்றும், பணத்தைப் பிடித்துக்கொள்ள டெபிட் நோட் அனுப்பப் போவதாகவும் சொன்னார். பையர்கள் அவருக்குச் செய்வதை அவர் வேறு யாருக்காவது செய்யக் கிடைத்த முதல் சந்தர்ப்பம். டெபிட் நோட் என்றால் என்னவென்று முனீஸுக்குத் தெரியாததால் அது வீணானது.

அடுத்து, உற்பத்தி பிந்தினால் எல்லா முதலாளிகளும் செய்வதை அவரும் செய்தார். இரண்டு ஷிப்ட் ஓட்டினார். விளக்கு, எல்லோரும் தூங்கப்போகும் வரை எரிந்தது. காலையில் குளித்ததும் தொட்டிக்குள் கையை விட்டு, ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி, வேர் பிடித்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடி குத்திவைத்தார். இதற்கு அவர் வைத்த பெயர் இன்ஸ்பெக்‌ஷன்.

பலன் கிடைத்தது. தொட்டி பச்சையானது. கண்ணாடி பச்சை, மணல் பச்சை, புதையல் பெட்டி பச்சை. பெட்டியால் வாயைத் திறக்கவே முடியவில்லை. மோகன்ராஜ் கம்பெனியிலிருந்து, சாய நிறங்களின் மாதிரி ஒட்டிய ஷேட் கார்டை எடுத்துவந்து, தொட்டியின் மேல் வைத்து, பச்சைகளை ஒன்றொன்றாக ஒப்பிட்டார்.

"ஷேட் ஓகே," என்றார் திருப்தியாக.

அடுத்த வீடியோ மீட்டிங்குக்குச் சாம்பிள்களோடு வந்த வேல்விழி தொட்டியைப் பார்த்தாள். கேமராவை வேறு பக்கம் திருப்பி வைத்தாள். மீட்டிங் முடிந்த பிறகு சொன்னாள்.

"சார், அது செடி இல்ல சார். பாசி."

"பச்சையாத்தான இருக்குது?"

"செடி அதுக்கு அடியில கெடக்கு சார்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் முனீஸின் கடைக்குப் போனாள். அவன் வலையால் குட்டி மீன்களை அள்ளிப் பையில் விட்டுக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நேரம் லைட் போடுறாரு?"

"முதல்ல ஒன்றரை ஷிப்ட். இப்ப ரெண்டு."

முனீஸ் வலையைக் கீழே வைத்தான். "செடி என்ன ஓவர்லாக் மெஷினா மேடம்? எட்டு மணி நேரம் போதும். அதுக்கு மேல குடுக்கிற வெளிச்சத்தச் செடி தொடவே தொடாது, பாசிதான் திங்கும். பாக்க வளந்த மாதிரி இருக்கும், ஏமாந்துராதீங்க. அப்புறம் அதுக்கு நல்லா இருட்டு வேணும். வெயில் படுதா தொட்டியில?"

"மேக்க ஒரு ஜன்னல் இருக்கு. மத்தியானத்துக்கு மேல படும்."

"திரையப் போட்டு மூடிருங்க. இல்லன்னா லைட்ட அணைச்சும் பிரயோசனமில்ல. பழைய இலை கரைஞ்சா பயப்படாதீங்க. இதெல்லாம் தண்ணிக்கு வெளிய வளத்த செடி. உள்ள போனதும் பழசை விட்டுட்டுப் புது இலை விடும். சும்மா இருந்தாப் போதும். யாரும் புடுங்கிப் புடுங்கிப் பாக்கலையே?"

வேல்விழி பையிலிருந்த குட்டி மீன்களை எண்ண ஆரம்பித்தாள்.

"பாத்தாரா! சரி போகட்டும். அந்தக் கெட்டி இலைச் செடியோட கிழங்க மண்ணுல பொதைச்சுட்டாரா? அழுகிரும். ஒரு கல்லுல நூல் வச்சுக் கட்டி உள்ள போடுங்க. வாரத்துக்கு ஒருக்கா கால்வாசித் தண்ணிய மாத்துங்க. மீனுக்குத் தீனி கொஞ்சமாப் போடுங்க." பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைப் பொருளை எடுத்து மேஜையில் வைத்தான். "இது டைமர். பிளக்குல சொருகிவிட்டா நேரத்துக்கு அதுவே போடும், அதுவே அணைக்கும். ஒரு ஆளு நிக்க வேண்டாம்."

வேல்விழி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஆள் நிற்க வேண்டாம். வைத்துவிட்டாள்.

"இது இப்ப வேண்டாங்க," என்றாள்.

மோகன்ராஜிடம் முனீஸ் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள், டைமரைத் தவிர.

"காலையில லைட்ட மேடம் போட்டுருவாங்க சார். சாயங்காலம் அஞ்சரைக்குக் கரெக்டா அணைக்கணும். அதுதான் யாருன்னு தெரியல."

மோகன்ராஜ் வீட்டுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் தமிழ்மதியின் குரல் வந்தது.

"பொழுதோட நான் ஊட்டுல இருக்கறதில்லீங் மாமா. வாக்கிங் போயிருவேன்."

தமிழ்மதி வாக்கிங் போய் அந்தக் காலனியில் யாரும் பார்த்ததில்லை.

"ஒரு நாள் மறந்தாலும் பாசி திரும்ப வந்துருமாம் சார்," என்றாள் வேல்விழி. "ஒருத்தர் பொறுப்புன்னு இருந்தாத்தான் நடக்கும். வேணும்னா நானே போய் அணைச்சிருதேன். எனக்குப் போற வழிதான்."

மோகன்ராஜ் நிமிர்ந்தார். பொறுப்பு என்ற சொல்லில் அவருக்கு நம்பிக்கை உண்டு. கம்பெனியைச் சோதிக்க வரும் ஆடிட்காரர்களுக்கும் உண்டு. அதனால்தான் கம்பெனியில் தீயணைக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ, முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ, குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு போட்டோ, ஒவ்வொன்றின் கீழும் 'பொறுப்பாளர்' என்று ஒரு பெயர். முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பாளரான வீரணன் வேலையை விட்டுப் போய் மூன்று தீபாவளி ஆகிவிட்டது. போட்டோ பொறுப்பாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"அணைச்சுப்போட்டுத் திரும்பி வரோணுமல்லோ?"

"அந்நேரம் ரோட்டுல வண்டி நகராது சார். மெயிலெல்லாம் வீட்டுலருந்தே பாத்து அனுப்பிருவேன்."

அவர் அரை ஷிப்டை ஒரு தட்டிலும் இங்க்ரிட்டை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்தார்.

"பையர் வந்துட்டுப் போற வரைக்கும்," என்றார். "அது வரைக்கும்தான்."

மறுநாள் தொட்டிக்கு மேலே சுவரில், பிளாஸ்டிக் உறை போட்டு, வேல்விழியின் போட்டோ மாட்டப்பட்டது. 'மீன் தொட்டி. பொறுப்பாளர்: வேல்விழி.'

அன்று ஐந்தரை மணி அடித்ததும் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். செக்கிங் டேபிள்களில் எல்லாத் தலைகளும் திரும்பின. டீக்காரர்கூடக் கேனோடு நின்றுவிட்டார். முத்துப்பேச்சி மட்டும்தான் வாய்விட்டுக் கேட்டாள். அவளும் தெற்கத்திக்காரி.

"ஏக்கா, என்ன, மேலுக்கு முடியலையா?"

"இல்ல. சார் வீட்டுச் செடிக்கு லைட்ட அணைக்கணும்."

"செடிக்கு ஷிப்ட் முடிஞ்சிட்டாக்கும்!" என்றாள் முத்துப்பேச்சி. டேபிள் முழுக்கச் சிரிப்பு ஓடியது. "குடுத்து வச்ச செடி!"

மோகன்ராஜின் வீட்டில் வேல்விழி மேற்கு ஜன்னலின் திரையை மூடினாள். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கறுப்பு நூல்கண்டிலிருந்து ஒரு முழம் அறுத்து, கெட்டி இலைச் செடியைக் கல்லில் கட்டி உள்ளே விட்டாள். கண்ணாடியைத் துடைத்தாள். விளக்கை அணைத்தாள். வாக்கிங் போயிருக்க வேண்டிய தமிழ்மதி காபியோடு வந்தாள்.

"உக்காருங், ஒரு வாய் குடிச்சுப்போட்டுப் போலாம். கம்பெனியில என்னமோ புது மெஷின் வந்துருக்குதாமா?"

"அது போன மாசமே வந்துது மேடம். வந்த அன்னைக்கே ரிப்பேர்."

"பாருங்கோ! எங்கூட்டுக்காரர் ஜப்பான்ல இருந்து ஆளு வந்து பாத்துட்டு அசந்துபோனாங்கன்னு சொன்னாரு."

"ரிப்பேர் பாக்க வந்த ஆளு மேடம். கோயமுத்தூரு."

தமிழ்மதி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அதன்பிறகு அவள் எந்தச் சாயங்காலமும் அந்தக் காபியைத் தவறவிடவில்லை. கேட் போட்ட காலனி. கேமராக்கள் நிறைய, பேச ஆள் குறைவு. கணவர் வந்து சொல்லும் கம்பெனி ஒன்று, வேல்விழி வந்து சொல்லும் கம்பெனி ஒன்று. இரண்டாவதுதான் சீரியலைவிட நன்றாக இருந்தது.

வேல்விழி வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். பழனியம்மாள் வீட்டு டிவி முன்னால் ஜோதிகா விழித்த கண்களோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் பயந்தாள்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகல. வா, வீட்டுக்குப் போவோம்."

முதல் சில நாட்கள் அவள் பழனியம்மாளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் வந்தாள். பிறகு, வாசலில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது நடுவில் நிறுத்தி அம்மா தப்புக் கண்டுபிடிக்கிறாளா என்று பார்த்தாள். பிறகு, தோசையைக் கருக்கியதற்குக் குறை சொன்னாள், மரியாதையோடு. வேல்விழி எதையும் திருத்தவில்லை. முனீஸ் சொன்னது நினைவிருந்தது. பிடுங்கிப் பார்க்கக் கூடாது.

தொட்டியிலும் அப்படியே நடந்தது. நீளப் புல் அடியிலிருந்து ஒரு கொடி விட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொரு புல்லாக முளைத்தது. கெட்டி இலைச் செடி கல்லைப் பிடித்துக்கொண்டு, சுருட்டி வைத்த காகிதம் மாதிரி ஒரு புது இலையை நீட்டியது. பாசி ஓரமாகப் போய், பிறகு இல்லாமல் போனது. கப்பிகள் குட்டி போட்டன. புதையல் பெட்டி வாயைத் திறந்தது.

பொங்கல் கழித்து இங்க்ரிட் வந்தார். முதலில் கம்பெனி. செக்கிங் டேபிளில் முத்துப்பேச்சிக்கு முன்னால் நின்று, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டார். வேல்விழி அதைத் தமிழில் கேட்டாள்.

"எட்டு மணி நேரம்ங்க," என்றாள் முத்துப்பேச்சி. யார் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று முந்தின நாள் மீட்டிங்கில் மறுபடி ஒரு முறை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லும்போது அவள் வேல்விழியின் முகத்தையே பார்த்தாள். வேல்விழி மொழிபெயர்த்தாள். இங்க்ரிட் தலையாட்டினார்.

பிறகு வீடு. இங்க்ரிட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தொட்டிக்கு முன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். இவ்வளவு ஆரோக்கியமான செடிகளைத் தன்னால் வளர்க்க முடியவில்லை என்றார். என்ன ரகசியம்?

மோகன்ராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எட்டு மணி நேரம் மேடம்," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட நான் அனுமதிப்பதில்லை. அதற்கு மேல் கொடுத்தால் வளர்வது செடியல்ல, பாசி. பார்த்தால் வளர்ந்த மாதிரிதான் இருக்கும். ஏமாந்துவிடக் கூடாது. உயிருள்ள எதற்கும் இருட்டும் வேண்டும், வீடும் வேண்டும். ஓய்வில்தான் மேடம் வளர்ச்சி இருக்கிறது."

கடைசி இரண்டு வாக்கியங்கள் அவருடைய சொந்தச் சரக்கு. பலகாரத் தட்டை வைக்க வந்த தமிழ்மதி அடுக்களைக்குத் திரும்பிப் போய், குழாயை முழு வேகத்தில் திறந்துவிட்டுக்கொண்டாள். வேல்விழி சுவரில் இருந்த தன் போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இங்க்ரிட் அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிக்கொண்டார். தங்கள் கம்பெனியின் மாத இதழில் இதைப் போடப் போவதாகவும், மாதந்தோறும் தொட்டியின் புதிய போட்டோ ஒன்று அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவர் ஊருக்குப் போன மறு வாரமே ஆர்டர் வந்தது.

ஆர்டர் வந்த அன்று மோகன்ராஜ் வேல்விழியைக் கூப்பிட்டார்.

"வேல்விழி கண்ணு."

அவர் மேஜையில் ஒரு வெள்ளைப் பொருள் இருந்தது.

"மீனுக்குத் தீனி வாங்கலாம்னு முனீஸு கடைக்குப் போனேன். இதத் தாரான். டைமராமா. சொருகி உட்டாப் போதும், ஆளே வேண்டாம்ங்கறான். பாவம், இத்தன நாளு நீ கெடந்து அலைஞ்சே. இனி உனக்கு அந்தத் தொந்தரவே இல்ல. நாளையில இருந்து நிம்மதியா எட்டரை வரைக்கும் வேலையப் பாக்கலாம்."

"சரி சார்," என்றாள் வேல்விழி.

சுவரிலிருந்து போட்டோ இறங்கியது. மறுநாள் ஐந்தரை மணி அடித்தது, டீ வந்தது. முத்துப்பேச்சி ஒரு டம்ளரை வேல்விழியின் பக்கம் நகர்த்தி வைத்தாள். அன்றைக்குப் பழனியம்மாள் வீட்டுக்கு அவள் போனபோது ஜோதிகா பாயில் கிடந்தாள். தூக்கித் தோளில் போட்டதும், "வந்துட்டீங்களா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

இங்க்ரிட்டுக்குப் போட்டோ அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியபோது, மோகன்ராஜ் ஒரு காலையில் வேல்விழியை வீட்டுக்கு வரச் சொன்னார். தொட்டி மறுபடியும் பச்சையாக இருந்தது. இந்த முறை அவர் ஷேட் கார்டை எடுக்கவில்லை.

"எட்டு மணி நேரந்தான் எரியுது. நானே ஒரு நாள் ஊட்டுல இருந்து கணக்குப் பாத்தேன். டைமர்ல குத்தமே இல்ல. அப்புறம் ஏன் இப்படி?"

"என்ன மாயமோ தெரியலீங்க," என்றாள் தமிழ்மதி. மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வேல்விழி தொட்டியைப் பார்த்தாள். பிறகு டைமரை. பிறகு மேற்கு ஜன்னலை. திரை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கட்டியிருந்தது கறுப்பு நூலால். கல்லில் செடியைக் கட்டிய அதே நூல்கண்டு, ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது. மத்தியானத்துக்கு மேல் வெயில் முழுக்க எங்கே விழுந்துகொண்டிருந்தது என்பது அவளுக்குப் புரிந்தது. அவள் தமிழ்மதியைப் பார்த்தாள். தமிழ்மதி, ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"காத்தோட்டமா இருக்கட்டும்னு தொறந்து உட்டுருக்கறனுங்," என்றாள் யாரையும் பார்க்காமல். "புழுக்கமா இருக்குதல்லோ."

மோகன்ராஜ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் அவருக்கு விசேஷமாக எதுவும் தெரியவில்லை.

"என்ன பண்ணலாம் வேல்விழி?"

"டைமர் நேரத்தைத்தான் பாக்கும் சார்," என்றாள் வேல்விழி மெதுவாக. "தொட்டிய யாரு பாப்பா?"

அது பொய்யில்லை.

மோகன்ராஜ் யோசித்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மேடையில் பேசுவதற்கு ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டால் வருகிற வெளிச்சம்.

"அதான்! மெசினுக்குக் கண்ணு இல்ல. உசுரான பொருளுக்கு மனுசக் கை வேணும். நான் மொதல்லயே நெனச்சேன். அந்த முனீஸுப் பயதான் டைமர் கிமர்னு நாயம் பேசி என் மனசக் கெடுத்துப்போட்டான்." டைமரைப் பிடுங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். "போட்டோவ மாட்டு தமிழு. வேல்விழி, இன்னைக்கிருந்து நீ பழையபடி அஞ்சரைக்கு வந்துரு. அந்தம்மா நம்ம பையரா இருக்கற வரைக்கும் இதுதான்."

அவர் போன பிறகு தமிழ்மதி ஜன்னலுக்குப் போய், நூலை அவிழ்த்து, திரையை இழுத்து மூடினாள். நூலைச் சுற்றிக் கண்டோடு வைத்தாள்.

"காபிக்குச் சக்கர போன தடவ பத்தலைன்னீங்கல்லோ," என்றாள். "பொழுதோட வாங்க, நல்லாப் போட்டு வெக்கறேன். அந்தக் கோயமுத்தூரு மெஷின் என்னாச்சுன்னே எனக்குத் தெரியாமப் போச்சு."

கொஞ்ச நாளில் டென்மார்க்கிலிருந்து மாத இதழ் வந்தது. வழவழப்பான காகிதத்தில் தொட்டியின் படம், பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிய மோகன்ராஜ், கீழே பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் அவருடைய வாக்கியம். அதைச் சட்டம் போட்டு, கம்பெனி வாசலில், ஆட்கள் வரும்போதும் போகும்போதும் கைரேகை வைக்கிற மெஷினுக்கு நேர் மேலே மாட்டினார்கள்.

ஐந்தரை மணி அடித்தது. வேல்விழி கைரேகை வைக்க வந்தபோது, முத்துப்பேச்சி டீ டம்ளரோடு அந்தச் சட்டத்துக்குக் கீழே நின்றிருந்தாள்.

"என்னக்கா எழுதியிருக்கு?"

"ஓய்வுலதான் வளர்ச்சி இருக்காம்."

முத்துப்பேச்சி படத்தை அண்ணாந்து பார்த்தாள். டீயை ஒரு வாய் உறிஞ்சினாள்.

"ஏக்கா, சாருகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். செக்கிங்குக்கும் தொட்டி வாங்கி வச்சிரச் சொல்லி. ஆளுக்கு ஒண்ணு. நாங்களும் நல்லாப் பாத்துக்கிடுவோம்."

வேல்விழி சிரித்தாள். சிரித்துவிட்டு, சிரித்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது. முத்துப்பேச்சி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு டேபிளுக்குத் திரும்பிப் போனாள். உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

விளக்கை அணைத்து, காபி குடித்து, கோயமுத்தூர் மெஷின் கதையைப் பாதி சொல்லிவிட்டு வேல்விழி வீடு போய்ச் சேர்ந்தபோது, பழனியம்மாள் வீட்டு டிவியில் ஏதோ கல்யாண மண்டபம், யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். ஜோதிகா திரும்பிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னம்மா நீ, அதுக்குள்ள வந்துட்ட? இப்பத்தான் தாலி கட்டப் போறாக. போ, நான் முடிச்சிட்டு வாரேன்."

பழனியம்மாள் பதறினார். "ஏங்கண்ணு, அம்மாவ அப்படியா பேசறது?"

"பேசட்டும், விடுங்கக்கா," என்றாள் வேல்விழி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தாலி கட்டுகிற வரைக்கும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.